படிப்பு, வேலை, கைக்குழந்தை: இங்கிலாந்தில் இளம் பெற்றோருக்கான உதவிகள் பற்றி எங்கள் அனுபவம்

இதை மூன்று பேர் எழுதுகிறோம்: ஒரு கல்லூரிப் பணியாளர், ஒரு அம்மா, ஒரு இளம் தாய். நான் லண்டனில் ஒரு கல்லூரியின் மாணவர் உதவிப் பிரிவில் வேலை செய்கிறேன். கைக்குழந்தையோடு படிக்க வரும் 17, 18 வயதுப் பிள்ளைகள் முதலில் எங்கள் மேசைக்குத்தான் வருவார்கள். பெரும்பாலும் கூடவே அவர்களுடைய அம்மாவும் வருவார். பிள்ளை வாய் திறப்பதற்குள் அம்மா கேட்டுவிடுவார்: "இவள் வகுப்பில் இருக்கும்போது குழந்தையை யார் பார்ப்பது?"

இதற்கென்றே 'கேர் டு லேர்ன்' என்ற அரசு உதவி இருக்கிறது. படிப்பு தொடங்கும்போது 20 வயதுக்குள் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். ஒரு குழந்தைக்கு வாரம் 195 பவுண்ட் வரை லண்டனில் கிடைக்கும். வெளியூர்களில் 180 வரை. நர்சரியில், அதாவது குழந்தைக் காப்பகத்தில், இடம் பிடிக்கக் கட்டும் முன்பணம், கோடை விடுமுறையில் அந்த இடம் போய்விடாமல் இருக்கக் கட்டும் பணம், குழந்தையைக் கொண்டுபோய் விடும் பயணச் செலவு எல்லாம் இதற்குள் அடங்கும். குழந்தையைப் பிரதானமாக வளர்ப்பது அப்பா என்றால் அவரும் விண்ணப்பிக்கலாம். இதுவரை என்னிடம் அப்படி யாரும் வந்ததில்லை என்பது வேறு விஷயம்.

ஒரு அம்மா வந்ததிலிருந்து நின்றுகொண்டே பேசினார். "காசு இவள் கையில் வருமா? வந்தால் அந்தப் பையன் வாங்கிக்கொண்டு போய்விடுவான்." வராது, நேரே நர்சரிக்குத்தான் போகும் என்றேன். அதற்கப்புறம்தான் கோட்டைக் கழற்றி உட்கார்ந்தார். இந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்ததே இதுதான். பணம் கைமாறுவதில்லை, அந்தப் பெண் முன்கூட்டிக் கட்டவும் வேண்டியதில்லை. அவள் வகுப்புக்கு வருவதை நிறுத்தினால் மட்டும் இதுவும் நின்றுவிடும். அதனால் யாராவது சேர்ந்தாற்போல் வராவிட்டால் நாங்களே போன் போட்டு விசாரிப்போம்.

*

மேலே சொன்ன அம்மாமார் வரிசையில் நானும் ஒருத்தி. மகள் 16 வயதில் தாயானாள். வீட்டில் நடந்த சண்டையை எல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. நான் வேலையை விட்டுவிட்டு பேரனைப் பார்க்கிறேன், அந்தக் காசை எனக்கே தரட்டும் என்று கேட்டேன். முடியாது என்றார்கள். சொந்தக்காரர் பார்ப்பதற்குப் பணம் வேண்டுமென்றால் அவர் பதிவு பெற்ற குழந்தைப் பராமரிப்பாளராக இருக்க வேண்டும், உறவில்லாத பிள்ளைகளையும் பார்க்க வேண்டும், தாயும் குழந்தையும் இருக்கும் வீட்டில் இருக்கவும் கூடாது. நான் மூன்றிலுமே தேறவில்லை. அன்றைக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்த விதி இல்லாவிட்டால் என் வேலையும் போயிருக்கும், வீட்டில் இரண்டு பேர் வருமானம் இல்லாமல் இருந்திருப்போம்.

இன்னொன்று. வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு மாதாமாதம் தரும் யூனிவர்சல் கிரெடிட் என்ற உதவித்தொகை 16 வயதில் கிடைக்காது என்று தெரிந்தவர்கள் எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். அது தவறு. குழந்தை தன் பொறுப்பில் இருந்தால் 16, 17 வயதிலும், முழுநேரம் படித்துக்கொண்டேகூட விண்ணப்பிக்கலாம். கேட்டுப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

*

நான் அந்த மகள்களில் ஒருத்தி. கல்லூரியில் இருந்தவரை நர்சரிப் பில் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. படிப்பு முடிந்து பல் மருத்துவமனையில் சம்பளத்தோடு அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். சம்பளம் வாங்கும் அப்ரண்டிஸுக்கு கேர் டு லேர்ன் கிடையாது. இனி யூனிவர்சல் கிரெடிட்தான், நர்சரிக் கட்டணத்தில் 85 சதவீதம் வரை தரும் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முதலில் நாம் கட்ட வேண்டும், ரசீதைக் காட்டிய பிறகுதான் திரும்பி வரும். நர்சரியோ மாதத் தொடக்கத்திலேயே பணம் கேட்கிறது, என் முதல் சம்பளம் மாதக் கடைசியில். படிக்கும்வரை தாங்கிப் பிடித்துவிட்டு, வேலைக்குப் போகிற நாளில் கையை விட்டுவிட்ட மாதிரி இருந்தது.

வேலையே வேண்டாம் என்று சொல்லப் போனபோது ஜாப் சென்டர் என்ற அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் எனக்கென்று இருக்கும் ஆலோசகர் (வொர்க் கோச்) ஒரு விஷயம் சொன்னார். புதிதாக வேலைக்குப் போகிறவர்களுக்கு முதல் நர்சரிக் கட்டணத்தை முன்கூட்டியே கொடுக்கும் வழி 2023 ஜூன் மாதத்திலிருந்து இருக்கிறதாம். அது கடன் இல்லை, திருப்பித் தர வேண்டாம். ஆனால் நாமாகக் கேட்டால்தான் பேச்சே எடுக்கிறார்கள். வேலை உறுதியானவுடன், முதல் நாளுக்கு முன்பே, நர்சரியிடம் கட்டண விவரத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு போய்க் கேளுங்கள். மேலே எழுதிய கல்லூரி அக்காவுக்கு ஒரு வேண்டுகோள்: படிப்பு முடித்துப் போகிற பெண்களிடம் இதையும் சொல்லி அனுப்புங்கள்.