கூகுள்ல என் முறுக்கு கடை "ஹோம்"னு வருது, டைட்டில் எப்படி எழுதணும்?

முறுக்கு அக்கா (சுங்கை சிப்புட்):
வணக்கம். நான் வீட்லயே முறுக்கு, நெய் உருண்டை, அச்சுமுறுக்கு செஞ்சு விக்கிறேன், 12 வருஷமாச்சு. எங்கம்மா தோட்டத்துல பால்மரம் சீவிட்டு வந்து சாயங்காலம் சுடுவாங்க, அதே பக்குவம்தான். போன வருஷம் ஒருத்தர் 800 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) வாங்கிட்டு வேர்ட்பிரஸ்ங்கிற சாஃப்ட்வேர்ல வெப்சைட் போட்டுக் குடுத்தாரு. இப்ப கூகுள்ல தேடிப் பாத்தா நீல எழுத்துல "ஹோம்"னு மட்டும் நிக்கிது, அதுக்குக் கீழ "மெனு, கார்ட் 0"னு என்னமோ ஓடுது, எது என் கடைன்னு எனக்கே தெரியல. கேட்டா கீவேர்ட் பெட்டியில, அதாவது தேடுற வார்த்தைங்கள எழுதி வைக்கிற கட்டத்துல, 50 வார்த்த போடணும், மாசம் 150 வெள்ளி குடுங்கன்றாரு. தீபாவளிக்கு ரெண்டு மாசம்தான் இருக்கு. நெசமாவே அதுதான் வழியா? நானே மாத்திக்க முடியாதா?

ஈப்போ தம்பி:
அக்கா, காசு கட்டாதீங்க. கீவேர்ட் பெட்டிய ரேங்க் போடுறதுக்கு, அதாவது யாரு முன்னால வரணும்னு வரிசைப்படுத்துறதுக்குப் பாக்கிறதே இல்லன்னு கூகுளே 2009 செப்டம்பர்ல சொல்லிருச்சு.

நீங்க மாத்த வேண்டியது டைட்டில்தான், கூகுள்ல நீல எழுத்துல தெரியிற அந்தத் தலைப்பு. வேர்ட்பிரஸ்ல யோஸ்ட் மாதிரி ஒரு பிளகின் (கூடச் சேத்துக்கிற சின்ன சாஃப்ட்வேர்) போட்டா ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழ டைட்டில், அதுக்கு அடியில வர்ற விவரத்துக்கு டிஸ்க்ரிப்ஷன்னு ரெண்டு கட்டம் வரும். உங்க சைட்ல டிஸ்க்ரிப்ஷனே எழுதல, வேர்ட்பிரஸ் தானா போடாது, அதான் கூகுள் பக்கத்துல கெடச்சத எடுத்துக் காட்டுது. முதல் பக்கத்துக்கு "வீட்டு நெய் முறுக்கு ஆர்டர் | சுங்கை சிப்புட், பேராக்"னு வைங்க. பொருள் முன்னால, ஊர் பின்னால. நெய் உருண்டைக்கு வேற டைட்டில், அச்சுமுறுக்குக்கு வேற. எல்லாப் பக்கத்துக்கும் ஒண்ணையே ஒட்டுனா அது பேரே வைக்காத மாதிரிதான்.

டிஸ்க்ரிப்ஷன் ரேங்க்க ஏத்தாது, ஆனா படிக்கிறவங்க உள்ள வரலாமா வேணாமான்னு முடிவு பண்றது அங்கதான். என்ன வெல, எந்த ஊருக்கு அனுப்புவீங்க, எத்தன நாள் முன்னாடி சொல்லணும், அவ்வளவும் ரெண்டு வரியில.

பூக்கார அக்கா (கோலகங்சார்):
தம்பி சொன்னதோட ஒண்ணு சேத்துக்கோ தங்கச்சி. ஜனங்க எந்த வார்த்தையில தேடுறாங்கன்னு முதல்ல பாரு. நம்ம தோட்டத்துப் பிள்ளைங்க பாதி கிள்ளான், ஜொகூர்னு போயிருச்சுங்க, அங்கருந்து "தீபாவளி முறுக்கு டெலிவரி"ன்னு தேடும், மலாய்க்காரங்க அச்சுமுறுக்க குவே ரோஸ், குவே லோயாங்னு தேடுவாங்க. அந்தப் பேரு உன் டைட்டில்ல இல்லன்னா அவங்களுக்கு நீ இருக்கிறதே தெரியாது. நான் மாலை கட்டுறவ, என் சைட்ல "மலர் அலங்காரம்"னு அழகா எழுதி வச்சிருந்தேன், அப்புறம் சர்ச் கன்சோல்னு சைட்டுக்காரங்களுக்குக் கூகுள் குடுக்கிற கணக்குப் பக்கத்தத் தொறந்து பாத்தா ஒருத்தர்கூட அந்த வார்த்தையில வரல, எல்லாம் "கல்யாண மாலை வெல எவ்வளவு"தான். அன்னைக்கே மாத்தினேன். சர்ச் கன்சோல் இலவசம்தான், எந்த வார்த்தைக்கு எத்தன தடவ காட்டுச்சு, எத்தன பேரு கிளிக் பண்ணாங்கன்னு தனித்தனியா சொல்லும்.

முறுக்கு அக்கா (சுங்கை சிப்புட்):
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். பிளகின் போட்டுட்டேன். தமிழ்ல டைட்டில் எழுதுனா நீளம் காட்டுற கோடு சிவப்பாயிருது, 60 எழுத்துக்கு மேல போச்சுங்குது, நான் எண்ணிப் பாத்தா அவ்வளவு இல்லையே?

ஈப்போ தம்பி:
அது எண்ணுற விதம்க்கா. "தீபாவளி" நமக்கு 4 எழுத்து, கம்ப்யூட்டருக்கு 7, காலு கொம்பு எல்லாத்தையும் தனியா எண்ணும். கூகுள்ல எழுத்துக் கணக்கே இல்ல, ஸ்கிரீன்ல எடம் எவ்வளவோ அவ்வளவுதான் காட்டும், தமிழ் எழுத்து அகலம்ங்கிறதால சீக்கிரம் வெட்டிரும். அதனால சிவப்பப் பாத்துப் பயப்படாதீங்க, முக்கியமானது முன்னால இருந்தா போதும்.

இன்னொன்னு, நீங்க எழுதுனதையே கூகுள் காட்டும்னு கண்டிஷன் இல்ல. 2021 ஆகஸ்ட்லருந்து டைட்டில் சரியில்லன்னு பட்டா பக்கத்துல உள்ள பெரிய தலைப்ப எடுத்துப் போட்டுருது. உங்க பக்கத்துல பெருசா "நல்வரவு"ன்னு இருக்கு, அத எடுத்துட்டு முறுக்கு பேரப் போடுங்க. மாத்துன கையோட சர்ச் கன்சோல்ல அந்தப் பக்கத்து லிங்க்கப் போட்டு இண்டெக்ஸ் கேளுங்க, அதாவது கூகுள மறுபடி வந்து படிச்சுப் பதிஞ்சுக்கச் சொல்லுங்க. சில நாளும் ஆகும் சில வாரமும் ஆகும், அதனால இன்னைக்கே பண்ணிருங்க.

முறுக்கு அக்கா (சுங்கை சிப்புட்):
அச்சுமுறுக்கு பக்கத்துக்கு எழுதிட்டேன், பாத்துச் சொல்லுங்க.
டைட்டில்: அச்சுமுறுக்கு, குவே ரோஸ் ஆர்டர் | சுங்கை சிப்புட், பேராக்
டிஸ்க்ரிப்ஷன்: தரமான சுவையான பாரம்பரிய அச்சுமுறுக்கு. தேங்காய்ப்பால் ஊத்தி வீட்லயே சுட்டது, 50 துண்டு டப்பா 25 வெள்ளி. கோலாலம்பூர், கிள்ளானுக்கு போஸ்ட்ல அனுப்புவோம், 5 நாள் முன்னாடி சொல்லுங்க.

பூக்கார அக்கா (கோலகங்சார்):
"தரமான சுவையான பாரம்பரிய" மூணையும் எடுத்துரு, எல்லாக் கடையும் அதத்தான் எழுதுது. தேங்காய்ப்பால்லயே ஆரம்பி. போஸ்ட்ல போனா உடையாதான்னுதான் முதல்ல கேப்பாங்க, எப்படி பேக் பண்றேன்னு அந்த எடத்துல எழுது.