வீட்டில் செய்த பலகை விளையாட்டுகள்: வன்னியில் எங்கள் அனுபவம்

கிளிநொச்சியிலிருந்து

நாங்கள் செய்தது ஏ9 வீதி விளையாட்டு, கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகிற வீதிதான். வவுனியாவில் ஏறி ஆனையிறவில் இறங்க வேண்டும். முதலில் போய்ச் சேருகிறவர் வென்றவர். மார்கழி விடுமுறைக்குத் தங்கச்சியின் பிள்ளைகள் வந்து நின்றார்கள். வெளியே மழை, உள்ளே கரண்ட் இல்லை, போனில் சார்ஜும் இல்லை. இல்லாவிட்டால் இது நடந்தே இருக்காது.

மட்டைக்குப் பலசரக்குக் கடையில் வெறும் பிஸ்கட் பெட்டி கேளுங்கள், சும்மா தருவார்கள். அந்த மட்டையின் உள்ளே நெளிவு வரிகள் ஒரே திசையில் ஓடும். அந்த வரியோடு மட்டை சுலபமாக மடிந்துவிடும். அதனால் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றின் வரி நெடுக்காகவும் மற்றதன் வரி குறுக்காகவும் இருக்கும்படி ஒட்ட வேண்டும். பிறகு எந்தப் பக்கமும் மடியாது. பசைக்குக் கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினால் போதும். மேலே வெள்ளைத்தாள் ஒட்டுகிறவர்கள் பின்பக்கத்திலும் ஒரு பழைய பேப்பரை ஒட்டிவிடுங்கள். மேலே மட்டும் ஒட்டினால் தாள் காயும்போது சுருங்கி மட்டையை வளைத்துவிடும். இரண்டு பக்கமும் இழுத்தால் நேராக நிற்கும். காயும்வரை மேலே பாரம் வேண்டும். நாங்கள் அரிசி மூட்டையை ஏற்றினோம்.

இந்த வேலை எல்லாம் பிறகு. முதலில் கொப்பித்தாளில் பென்சிலால் கீறி விளையாடிப் பாருங்கள். வடிவாகக் கலர் அடித்து முடித்தபின் ஒரு கட்டத்தை மாற்றச் சொன்னால் யாருக்கும் மனம் வராது.

முதல் தாளில் பிள்ளைகள் 100 கட்டம் கீறினார்கள், பாம்பும் ஏணியும் அப்படித்தானே. ஒரு தாயக்கட்டையில் 1 முதல் 6 வரை விழும், சராசரி 3.5. அப்படியென்றால் 100 கட்டம் போக ஒருவருக்கு 28, 29 தரம் எறிய வேண்டும். நாலு பேர் என்றால் நூற்றைத் தாண்டும். நடுவில் யானை மறித்தது, டயருக்குக் காற்றுப் போனது என்று நிற்கிற இடங்கள் வேறு. சின்னவன் கனகராயன்குளத்திலேயே நித்திரை. 60 ஆகக் குறைத்தோம், அளவாக இருந்தது.

ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், கொக்காவில் என்று கட்டங்கள் வரிசையாக வந்தன. மாங்குளத்தில் ஒருவர் முல்லைத்தீவுப் பக்கம் திரும்பிவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பெரிய வாக்குவாதம். ஒட்டுசுட்டான் வரை கட்டம் கீறச் சொல்லி அடம் பிடித்தார்கள், மட்டையில் இடமில்லை என்று சமாளித்தேன். முறிகண்டிக்கு வந்ததும் மூத்தவள் கேட்டாள்:

“மாமா, பிள்ளையாரிட்டை நிக்காமல் போறதோ?”

நியாயமான கேள்வி. அந்த வீதியால் போகிற வாகனம் முறிகண்டியில் நிற்காமல் போகாதே. அதனால் என்ன எண் விழுந்தாலும் எல்லோரும் முறிகண்டிக் கட்டத்தில் நிற்க வேண்டும், தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, அடுத்த முறைதான் கிளம்பலாம் என்று சட்டம் வந்தது. அவள் பக்தியில் சொன்ன சட்டம் விளையாட்டையே தூக்கி நிறுத்திவிட்டது. அதற்கு முன் ஒருவர் முந்தினால் முந்தினதுதான், பின்னால் வருகிறவர்களுக்கு அலுப்பு. இப்போது ஆறு போட்டுப் பறந்து வந்தவரும் அங்கே நிற்கிறார், பின்னுக்கு நிற்பவர் எட்டிப் பிடிக்கிறார். நீங்கள் எந்த வழியை விளையாட்டாக்கினாலும் இப்படி எல்லோரும் கட்டாயம் நிற்கிற ஓர் இடம் வையுங்கள்.

இரணைமடுக் கட்டத்தில் “குளம் நிரம்பி வான் பாயுது, ஒரு முறை நில்”. 2018 மார்கழி வெள்ளத்தைப் பார்த்த பிள்ளைகளுக்கு அதை விளக்கத் தேவையில்லை. அதற்கு முன்னால் ஒரு ரயில் கடவை. யாழ்தேவி 2013 இல்தான் திரும்பவும் கிளிநொச்சிக்கு வந்தது. சின்னவனுக்கு அது எப்போதும் ஓடுகிற ரயில்.

ஓமந்தைக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருக்க, அதுவரை பேப்பரோடு இருந்த அப்பா வாய் திறந்தார்.

“எல்லாரையும் இறக்கிவிடு. பொதியை அவிழ்த்துக் காட்டிப்போட்டு நடந்துபோய் அங்காலை ஏறட்டும்.”

2002 இல் பாதை திறந்து 2006 ஆவணியில் திரும்பப் பூட்டும்வரை ஓமந்தை இராணுவச் சோதனைச்சாவடியால் போய்வந்தவர்களுக்கு விளங்கும். சின்னவன் “பொதிக்குள்ளை என்ன அம்மப்பா இருந்தது?” என்று கேட்டான். “உடுப்பும் சவுக்காரமும்” என்றார். தங்கச்சிக்கு விருப்பமில்லை. ஆனாலும் “சோதனை, இரண்டு முறை நில்” என்று எழுதியாயிற்று. இப்படியானவற்றைப் பிள்ளைகளின் விளையாட்டில் போடலாமா? எனக்குப் போடலாம் என்றுதான் படுகிறது. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

புதுக்குடியிருப்பிலிருந்து

நான் போட மாட்டேன் அண்ணை. எங்கள் அம்மாவுக்கு ஓமந்தை என்று சொன்னாலே இன்னும் முகம் மாறிவிடும். வீட்டில் எல்லோரும் சேர்ந்து இருக்கிற நேரம் ஒரு சின்னப்பிள்ளை அந்தக் கட்டத்தில் வந்து நின்று சிரித்தால் அவவுக்கு எப்படி இருக்கும்? பிள்ளைகள் அறியத்தான் வேண்டும், அதை வேறு நேரத்தில் சொல்லலாம்.

முறிகண்டிச் சட்டம் நல்லது. நாங்கள் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவில் பொங்கலுக்கு நடந்து போகிற விளையாட்டு ஒன்று செய்தோம். தண்ணீர்ப்பந்தலில் அப்படித்தான் நிற்க வைத்தோம்.

கிளிநொச்சியிலிருந்து

நீங்கள் சொல்வது சரி, வீட்டுக்கு வீடு வேறு. எங்கள் வீட்டில் அந்தக் கட்டத்தை இனி எடுக்க முடியாது, அப்பா விடமாட்டார். இப்போது அவர்தான் சோதனைக்காரர். சோடா மூடிக் காயை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, உள்ளே ஊதியும் பார்த்துவிட்டுத்தான் திரும்பக் கொடுக்கிறார். நேற்று எனது காயைப் பறிமுதல் செய்துவிட்டார்.

முள்ளியவளையிலிருந்து

மட்டையே இல்லாமல் செய்யலாம். எங்கள் அம்மம்மா பாய் இழைக்கிறவ. மகன் பள்ளிக்கூடத்தில் சதுரங்கம் பழகிவிட்டு வந்து பலகை வேண்டும் என்று நின்றான். அம்மம்மாவுக்குச் சதுரங்கம் தெரியாது. கறுப்பு, வெள்ளைக் கட்டம் மாறி மாறி, பக்கத்துக்கு எட்டு என்று அவன் சொன்னதும் “இதுக்கேன் கீறுறாய், இழைச்சாலே வருமே” என்றா.

உண்மையில் வரும். எட்டு ஓலைக்குச் சாயம் காய்ச்சி நெடுக்கே வைப்பது, சாயம் போடாத எட்டைக் குறுக்கே விட்டு ஒன்று மேலே ஒன்று கீழே என்று இழைப்பது. 64 கட்டமும் தானாக விழும், பென்சில் தேவையில்லை. எல்லா ஓலையையும் ஒரே அகலத்தில் வார வேண்டும், அதில்தான் பொறுமை வேண்டும். அகலம் பிசகினால் கட்டம் சதுரமாக வராது. காய்ந்த ஓலை வெடிக்கும், ஆகவே தண்ணீர் தெளித்துப் பதமாக்கிக்கொண்டு இழையுங்கள். விளிம்புக்கு ஓலையை நீளமாக விட்டு உள்பக்கம் மடித்துச் செருகினால் பிரியாது. விளையாடி முடிந்ததும் சுருட்டி மூலையில் வைக்கலாம், மட்டைப் பலகையில் அது ஏலாது. காய்களுக்குச் சோடா மூடிக்குள் வட்டமாகத் தாள் வெட்டி ஒட்டி, ராசா, ராணி, குதிரை என்று மகன் கீறினான். குதிரை நாய் மாதிரி இருக்கிறது, பரவாயில்லை.

அம்மம்மாவுக்குத் தாயம்தான். ஐந்துக்கு ஐந்து கட்டம் நிலத்தில் கரிக்கட்டியால் கீறினால் சரி. வெளிச்சுற்று 16, உள்சுற்று 8, நடுவில் ஒன்று. வெளிச்சுற்றை ஒரு பக்கமாகச் சுற்றி, மற்றவரின் காய் ஒன்றையாவது வெட்டினால்தான் உள்ளே போகலாம். உள்ளே எதிர்ப்பக்கமாகச் சுற்றி நடுவுக்குப் போனால் பழம். எறிவதற்குச் சோகி இல்லாவிட்டால் நாலு புளியங்கொட்டையை எடுத்து ஒரு பக்கத்தைச் சீமெந்து நிலத்தில் வெள்ளை தெரியும்வரை தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்கக் கொட்டை சுடும், அதைப் பக்கத்தில் இருப்பவரின் கையில் வைப்பது எந்தக் காலத்திலும் மாறாத பழக்கம்.

வெள்ளை எத்தனை விழுகிறதோ அத்தனை கட்டம், ஒன்றும் விழாவிட்டால் எட்டு. மகன் கொப்பியில் போட்டுப் பார்த்தான். நாலு கொட்டை 16 விதமாக விழலாம். அதில் இரண்டு வெள்ளை 6 விதத்தில் வரும். ஒன்றும் மூன்றும் 4 விதம் 4 விதம். நாலும் எட்டும் ஒவ்வொரு விதம்தான். “அம்மம்மாவுக்கு எப்பிடி இவ்வளவு எட்டு விழுது?” என்று அவனுக்கு அன்றிலிருந்து சந்தேகம். அவ தேய்த்த கொட்டைகளை அவ வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

ஒரு விஷயம். சிவப்பாக வடிவாக இருக்கிறது என்று குன்றிமணியைக் காயாக எடுக்காதீர்கள். சின்னப்பிள்ளைகள் வாயில் போட்டுக் கடித்தால் கடும் நஞ்சு. மஞ்சாடியும் சிவப்புத்தான், ஆனால் அதில் கறுப்புப் பொட்டு இல்லை. இரண்டும் பிரித்துத் தெரியாதவர்கள் தெறியை எடுங்கள், பழைய சட்டையில் இருக்கும்.

வவுனியாவிலிருந்து

2009 இல் போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் நாங்கள் செய்ததையும் சொல்கிறேன். மா வந்த பையை விரித்து, அடுப்புக்கரியால் ஆடு புலி கீறினோம். புலி மூன்று, ஆடு பதினைந்து. தண்ணீர்ப் போத்தல் மூடிகள் புலி, கூடாரத்துக்கு வெளியே பொறுக்கிய கல்லுகள் ஆடு. பெரியவர்கள் கியூவில் நிற்கிற நேரம் முழுக்க நாங்கள் இதில்தான் இருந்தோம். பக்கத்துக் கூடாரத்து ஐயா ஒருவர் ஆட்டுப்பக்கம் மட்டும்தான் விளையாடுவார், அவரை வெல்ல ஏலாது. ஆடுகள் எல்லாம் இறங்கி முடியும்வரை ஒன்றையும் தனியே விடமாட்டார், எப்போதும் ஒன்றின் பின்னால் ஒன்று. பின்னால் வெறும் இடம் இல்லாவிட்டால் புலியால் தாண்டி வெட்ட முடியாதே.

மல்லாவிப் பக்கத்திலிருந்து, ஆசிரியை

வகுப்பில் பெரும்போக விளையாட்டு என்று ஒன்று செய்தோம். பலகை சின்ன வேலை: பிரிஸ்டல் போட் ஒன்று, ஓரத்தைச் சுற்றி 24 கட்டம், உழவிலிருந்து அரிவு வெட்டு வரை. நெல்மூட்டைக்குப் பதில் வேப்பங்கொட்டை, ஆளுக்கு 20. நடுவில் மடித்த கடதாசித் துண்டுகள். குறிப்பிட்ட கட்டத்தில் நின்றால் ஒன்றை எடுத்து வாசித்து அதன்படி செய்ய வேண்டும். அந்தத் துண்டுகளில் என்ன எழுதுவது என்பதைப் பிள்ளைகளிடமே விட்டேன்.

கேட்க வேண்டுமா? மழை பிந்தினது, இரண்டு மூட்டை போச்சு. பன்றி இறங்கினது. விதைத்த நெல்லை மயில் பொறுக்கினது. கபிலத்தத்திப் பூச்சி அடித்தது. யானை வந்து வேலியோடு கொண்டுபோனது. உரம் இல்லை, 2021 இல் இரசாயன உரத்தைத் தடை செய்ததைப் பார்த்த பிள்ளைகள். மெசின் வரப் பிந்தினது. வெட்டுகிற நேரம் பார்த்து நெல்விலை இறங்கினது. எழுதி முடித்து விளையாடினால் அரைச் சுற்றில் எல்லோரிடமும் கொட்டை முடிந்துவிட்டது. வென்றவரே இல்லை.

சரி, நல்லதும் எழுதுங்கள் என்றேன். பேனையைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள். பிறகு ஒரு பெடியன் எழும்பி “ரீச்சர், அடைவு கடை ஒண்டு கீறுவம்” என்றான். மற்றவர்கள் எல்லோரும் ஓம் ஓம் என்றார்கள். அவர்களுக்கு நல்ல செய்தி என்றால் அதுதான்! மூலையில் அடைவு கடை வந்தது. 10 கொட்டை வாங்கினால் அரிவு வெட்டுக்குப் பிறகு 13 கட்ட வேண்டும். வட்டியை அவர்களே தீர்மானித்தார்கள், குறைக்கச் சொல்லியும் குறைக்கவில்லை.

மாடு வளர்க்கிற வீட்டுப் பிள்ளை ஒருத்தி “பசு கண்டு போட்டது, மூன்று மூட்டை” என்று எழுதிய பிறகுதான் வழி திறந்தது. குளம் நிறைந்தது, மாமா கொழும்பிலிருந்து காசு அனுப்பினார், அயலில் எல்லோரும் வந்து சும்மா கை கொடுத்தார்கள், பாலைப்பழம் பொறுக்கி விற்றோம் என்று நிறைய வந்தன. நல்லதும் கெட்டதும் ஏறக்குறையச் சரிபாதியாக வந்தபோதுதான் விளையாட்டு கடைசிவரை போனது. இதைச் செய்யப் பார்க்கிறவர்களுக்குச் சொல்வது: முதலில் கெட்டதை மட்டும் எழுதவிட்டு ஒரு முறை விளையாடவிடுங்கள். எத்தனை நல்லது வேண்டும் என்று நீங்கள் சொல்லத் தேவையிருக்காது.

முள்ளியவளை அக்கா, அந்த ஓலைப்பலகை எங்கள் வகுப்புக்கும் வேண்டும். சாயம் தண்ணீர் பட்டால் கழராதா?

முள்ளியவளையிலிருந்து

சாயத்தை மேலே பூசினால் கழரும் ரீச்சர். பாய்க்கு விற்கிற சாயத்தூளைத் தண்ணீரில் கொதிக்க வைத்து, ஓலையை அதற்குள்ளே போட்டு அவிக்க வேண்டும். எடுத்துக் கழுவி நிழலில் காயவிடுங்கள், வெயிலில் போட்டால் நிறம் வெளுக்கும். அப்படியும் முதல் தடவை கொஞ்சம் கையில் ஒட்டும், வெள்ளைச் சீருடையோடு விளையாட விட்டுவிடாதீர்கள். சாயம் மல்லாவியில் கிடைக்காவிட்டால் சொல்லுங்கள், இங்கே இருந்து பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன்.