48 இன்ச் பூலுக்கு ஏணி: கனமா நிக்கணுமா, கையோட எடுக்கணுமா?

வீராம்பட்டினம் கரை
வணக்கம். 15 அடி வட்டம், 48 இன்ச் உயரத்துல ஃப்ரேம் பூல் (பைப் சட்டத்துல பிளாஸ்டிக் விரிப்பைத் தொங்கவிட்டுத் தண்ணி நிரப்புறது), வீட்டுப் பின்னாடி மணல் தரையில நிக்குது. கூட வந்த ஏ வடிவ ஏணி ஆள் ஏறினா பக்கவாட்டுல ஆடுது. 136 கிலோ தாங்கும்னு சீட்டு ஒட்டியிருக்கு. ஏறப்போறது 85 கிலோ ஆள் ஒருத்தர், மூட்டுவலி உள்ள 66 வயசு அம்மா, 4 வயசுப் பிள்ளை. பட்டறையில எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஏணி அடிச்சிடலாமா, இல்ல இதையே கெட்டிப்படுத்தலாமா?

நெல்லிக்குப்பம் பட்டறை
பட்டறையிலயே அடிச்சிடுங்க. 38 மி.மீ. பைப், 1.5 மி.மீ. கனம், ஆர்கான் வெல்டிங். படிக்கு ஒத்தப் பைப் போட்டா வெறும் உள்ளங்கால் நோகும், ரெண்டு பைப்பை ஒட்டி ஒட்டி வைக்கணும். மொத்தம் 14 மீட்டருக்கு மேல போகும். மீட்டருக்கு 1.4 கிலோன்னா 20 கிலோ கிட்ட வரும். அந்தக் கனம்தான் ஏணியைப் பிடிச்சு நிறுத்தும்.

கடலோரம்ங்கறதால 304 ரக எஸ்எஸ் வேண்டாம், 316 ரகம் கேளுங்க. அதுல 2-3 சதவீதம் மாலிப்டினம் இருக்கு, உப்புக்காத்துக்கும் குளோரினுக்கும் அதுதான் ஈடு கொடுக்கும். 304 போட்டா முதல்ல டீக்கறை மாதிரி பழுப்புப் பொட்டு வரும், அப்புறம் ஊசி குத்தினாப்ல குழி விழும். வெல்டிங் முடிஞ்சதும் வெல்டு ஓரத்துல வர்ற நீல நிறத்தைப் பிக்ளிங் பேஸ்ட் (அமிலப் பசை) போட்டு எடுக்கச் சொல்லுங்க. எடுக்காம விட்டா 316-ஏ ஆனாலும் முதல்ல துரு ஏறுறது அந்த இடம்தான்.

லாஸ்பேட்டை நீர்
எஸ்எஸ் பற்றி அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் ஏணி ஆடுவதற்குக் காரணம் கனம் குறைவு அல்ல, பாதம். 38 மி.மீ. குழாயின் பாதம் ஒன்று 11 சதுர செ.மீ. 85 கிலோ ஆள் வெளிப்பக்கப் படியில் நிற்கும்போது இரண்டு பாதமும் சேர்ந்து 23 சதுர செ.மீ.தான் மணலைத் தொடும், அதாவது சதுர செ.மீ.க்கு 3.7 கிலோ. தளர்ந்த மணல் இதைத் தாங்காது. இரண்டு காலுக்கும் இடையே 45 செ.மீ. என்றால், ஒரு பக்கம் 1 செ.மீ. இறங்கினாலே 130 செ.மீ. உயரத்தில் உச்சி 3 செ.மீ. சாயும். நீங்கள் பார்க்கும் ஆட்டம் அதுதான். 20 கிலோ ஏணியும் அதே மணலில் அதேபோல் இறங்கும்.

இன்னொன்று, இதைவிடப் பெரியது. 4 வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் குளித்து முடித்ததும் ஏணி குளத்தில் இருக்கவே கூடாது. 20 கிலோவை நனைந்த கையோடு விளிம்புக்கு மேல் தூக்கி எடுப்பது யார்? இரண்டு நாள் எடுப்பார்கள், மூன்றாம் நாள் அங்கேயே நிற்கும்.

கடலூர் ஓ.டி.
தரைக்கு நான் சொல்றேன். வெளிக்கால் நிக்கிற இடத்துல நாலு இன்ச் தோண்டி, கிரஷர் டஸ்ட் கொட்டி, தண்ணி தெளிச்சுத் திமிசு போடுங்க. மேல 2 அடிக்கு 1½ அடி கடப்பாக்கல், 40 மி.மீ. கனம். ஒரே கல்லா இருக்கணும். காலுக்கு ஒண்ணுன்னு ரெண்டு கல் வச்சா ரெண்டும் தனித்தனியா இறங்கும், பழைய கதைதான். ரசமட்டம் ரெண்டு திசையிலயும் வச்சுப் பாருங்க.

இதுக்கு மேல கெட்டி வேணும்னா, ஒவ்வொரு காலுக்கும் 30 செ.மீ. நீள அகல ஆழத்துல குழி, 1:2:4 கலவை. ஒரு குழி 65 கிலோ வரும், ரெண்டுக்கும் அரை மூட்டை சிமெண்ட் போதும். ஈரம் காயறதுக்கு முன்னாடி யூ கிளாம்ப் பதிச்சிடுங்க. தரை மட்டத்தோட முடிச்சா பூலைப் பிரிச்சாலும் கால் தடுக்காது. இங்க ஐப்பசி, கார்த்திகையில எப்படியும் பிரிக்கத்தானே வேணும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி கிட்ட கரை கடந்ததே, அந்த மாதிரி நாள்ல வெறும் ஏணி வெளியில கிடக்கவே கூடாது.

ஆரோவில் சாலை
அம்மாவுக்கு ஏ வடிவ ஏணியே சரிப்படாது. செங்குத்தா இருக்கும், முட்டிக்கு வேலை அதிகம். உள்ளே பிளாஸ்டிக் படிக்கட்டு, ரெண்டு பக்கமும் கைப்பிடி உள்ளதா வாங்குங்க. கூடு மாதிரி இருக்கும், தண்ணி நிரப்பினா நின்னுடும்.

லாஸ்பேட்டை நீர்
அம்மாவுக்குப் படிக்கட்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். தண்ணீர் நிரப்பினால் நிற்கும் என்பதை ஒப்புக்கொள்ள முடியாது. தண்ணீருக்குள் இருக்கும் தண்ணீருக்கு எடை கிடையாது. மிதப்பது நிற்கும், அவ்வளவுதான். கால் பட்டாலும் அலை பட்டாலும் நகரும்.

மணல்தான் போட வேண்டும். அதிலும் கணக்கு உண்டு: உலர்ந்த மணல் 10 கிலோ, நீருக்குள் 6.2 கிலோவாகத்தான் அழுத்தும். படிக்கட்டுக்கு உள்ளே 15 கிலோ அழுத்தம் வேண்டுமென்றால் 25 கிலோ மணல் வேண்டும். கழுவி உலர்த்திய ஆற்று மணல் அல்லது சின்னக் கூழாங்கல், கெட்டியான பையில், வாயை இரண்டு முறை கட்டி. எம்-சாண்ட் வேண்டாம். பை கசிந்தால் அந்தத் தூள் ஃபில்டரை அடைத்து நீரைக் கலங்கடிக்கும். கம்பித் துண்டு, டம்பெல் தட்டு எதையும் உள்ளே போடாதீர்கள், லைனரில் (குளத்தின் பிளாஸ்டிக் விரிப்பில்) படியும் துருக்கறை போகாது.

நெல்லிக்குப்பம் பட்டறை
பிளாஸ்டிக்கை ஒரு மொட்டை வெயில்ல ரெண்டு வருசம் வச்சுப் பாருங்க தம்பி. விரலால தேய்ச்சா வெள்ளைப் பொடி ஒட்டும், போல்ட் ஓட்டையைச் சுத்தி மயிரிழை விரிசல் விடும். அதுமேல 85 கிலோ ஏறுறது எனக்கு மனசு ஒப்பல. ஏணி ஆடுதுன்னா மேல் பைப்போட ஒரு கிளாம்ப் போட்டுக் கட்டிட்டா போச்சு.

லாஸ்பேட்டை நீர்
அதை மட்டும் செய்யாதீர்கள் அண்ணே, தயவுசெய்து. மேல் பைப் லைனரைத் தொங்கவிடுவதற்காக வைத்தது, ஆள் எடை வாங்குவதற்கு அல்ல. ஏணியை அதோடு கட்டினால் ஏறுபவர் வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் டி ஜாயிண்ட் (மேல் பைப்பும் காலும் சேரும் இணைப்பு) முன்னும் பின்னும் இழுபடும். உள்ளே இருப்பது 16,000 லிட்டருக்கு மேல். ஒரு ஜாயிண்ட் கழன்றால் அந்தப் பக்கம் மொத்தமாகச் சரியும். ஏணியின் மேல்தட்டு பைப்பைத் தொடாமல் இரண்டு விரல் இடைவெளியோடு தாண்டி நிற்க வேண்டும். 42 இன்ச் ஏணியை 48 இன்ச் குளத்துக்கு மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் நடப்பதும் இதுதான், தட்டு பைப் மேல் உட்கார்ந்துவிடும்.

விரிசல் பற்றிய எச்சரிக்கை நியாயம். போல்ட்டுக்கு நைலாக் நட் (நைலான் வளையம் உள்ள, எளிதில் தளராத நட்) போட்டு, பிளாஸ்டிக் பக்கம் அகலமான வாசர் வைத்து, வாசர் சுற்றாத அளவுக்கு மட்டும் முடுக்குங்கள். அதற்கு மேல் முடுக்கினால் விரிசலை நாமே தொடங்கி வைத்தது ஆகும். முதல் வாரம் கழித்து மறுபடி ஒரு சுற்று பாருங்கள், தளர்ந்திருக்கும்.

நெல்லிக்குப்பம் பட்டறை
சரி, பைப்போட கட்ட வேண்டாம், அது நியாயம். ஆனா எடுக்குற ஏணின்னா லேசாத்தான் இருக்கணும்னு இல்ல. ரெண்டு துண்டாப் பண்ணலாம். உள்பக்கமும் மேல்தட்டும் ஒரு துண்டு, அது பூல்லயே நிக்கும். வெளிப்பக்கம் தனித் துண்டு. தட்டுக்கு அடியில ரெண்டு சாக்கெட், வெளித்துண்டு அதுல ஏறி உட்காரும், 12 மி.மீ. பின் போட்டா ஆடாது. வெளித்துண்டுக்குப் படி, கால் சேர்த்து 6 மீட்டர், 8-9 கிலோ. ஒரு கையால எடுத்து உள்ளே கொண்டுபோய் வச்சிடலாம். ஆனா வெளித்துண்டை எடுத்துட்டா மீதியைத் தாங்க வெளியில ரெண்டு நிலைக்கால் வேணும். அதுல படி கிடையாது, வழுவழுன்னு வெறும் பைப். பிள்ளை அதைப் பிடிச்சு ஏற முடியாது.

லாஸ்பேட்டை நீர்
நல்ல யோசனை. கடைகளில் வரும் 'வெளிப்படி கழற்றும்' ஏணியும் இதே முறைதான், பெட்டி மேல் பார்த்து வாங்கலாம். பட்டறையில் செய்தால் நிலைக்காலுக்குக் குறுக்குச் சட்டம் வைக்கக் கூடாது, வைத்தால் அதுவே படியாகிவிடும். உள்படிகளுக்கும் குளச்சுவருக்கும் நடுவில் பிள்ளை நுழைந்து மாட்டிக்கொள்ளும் இடைவெளியும் விடாதீர்கள்.

ஏணியை எடுத்தால் மட்டும் போதும் என்றும் இருந்துவிடாதீர்கள். 2025 ஜூலையில் அமெரிக்காவில் 48 இன்ச்சும் அதற்கு மேலும் உயரமுள்ள குளங்கள் சுமார் 50 லட்சம் திரும்பப் பெறப்பட்டன. குளத்தின் கால்களைச் சுற்றி வெளியில் ஓடும் நாடாவில் கால் வைத்துக் குழந்தைகள் ஏறியதுதான் காரணம். ஒன்பது குழந்தைகள் இறந்ததாக அந்த அறிவிப்பில் இருந்தது. உங்கள் குளத்தில் அந்த நாடா வெளியே ஓடுகிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் கத்தியால் அறுத்துவிடாதீர்கள், குளம் விரியாமல் பிடிப்பதே அதுதான். தயாரிப்பாளர் தரும் மாற்றுக் கயிற்றைக் கால்களில் சுற்றிய பிறகுதான் நாடாவை எடுக்க வேண்டும். அதுவரை சுற்றிலும் பூட்டுப் போட்ட வேலி வேண்டும்.

கடலூர் ஓ.டி.
உள்கால் பத்தி யாரும் சொல்லலியே. ரப்பர் புஷ் கழண்டு பைப் முனை லைனர்ல நின்னா ஒரே நாள்ல ஓட்டை. ஏணிக்கு அடியில 2 அடிக்கு 3 அடி லைனர் துண்டு ஒண்ணு விரிங்க, மூலையை வட்டமா வெட்டி விடுங்க. கறுப்பு ரப்பர் மேட் போடாதீங்க, லைனர்ல கறை ஏறும். உங்க மண்ணுல கால்ல ஒட்டிவர்ற மணல் அந்தத் துண்டுக்கு அடியில போய்ச் சேர்ந்து அரைக்கும். வாரம் ஒரு தடவை தூக்கிக் கழுவணும், பாசியும் அங்கதான் முதல்ல பிடிக்கும். ஏணிப் பக்கத்துல ஒரு வாளித் தண்ணி வச்சு, கால் கழுவிட்டு ஏறச் சொன்னாலே பாதி மணல் குறையும்.

வீராம்பட்டினம் கரை
எல்லாருக்கும் நன்றி. இப்ப அளந்தேன். வெளிக்கால் நிக்கிற மணல்ல இருந்து மேல் பைப் 127 செ.மீ. உள்ளே தரையில இருந்து 122. நாடா வெளியிலதான் ஓடுது. தயாரிப்பாளருக்கு எழுதிட்டேன், வேலி வர்ற வரைக்கும் தண்ணியை இறக்கிடுறேன். அளவுல இந்த 5 செ.மீ. வித்தியாசம் எதனால?

கடலூர் ஓ.டி.
பூலுக்கு அடியில மணல் கொட்டி மட்டம் பண்ணியிருப்பீங்க, அந்த உயரம். ஏணிக்கு ரெண்டு பக்கமும் ஒரே நீளம்ங்கறதால வெளிக்கால் 5 செ.மீ. தாழ நிக்குது, ஏணி முழுக்க வெளியே சாயுது. கடப்பாக்கல்லைப் புதைக்காம டஸ்ட் படுக்கைக்கு மேல வைங்க. கல் 4 செ.மீ., அடியில சாந்து 1 செ.மீ., சரியா 5 வந்துடும். சாந்து ரெண்டு நாள் காயட்டும், அதுக்கப்புறம் ஏணியை வச்சு, தண்ணி ஏத்துறதுக்கு முன்னாடியே 85 கிலோ ஆளை ஏத்தி இறக்கிப் பாருங்க.