ஒரு அங்குல மண் உருவாக ஆயிரம் வருசம் என்று யாருக்கு எப்படித் தெரியும்?

கொழுந்துக்கூடை:
எங்கள் தோட்டம் இலங்கை மலைநாட்டில், தலவாக்கலைப் பக்கம். நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கு மேலே உள்ள மலையில் வெள்ளைக்காரன் காலத்து விதைத் தேயிலை இன்னும் நிற்கிறது. வயசு 90 இருக்கும். போன வாரம் அப்பாயி ஒரு செடியின் அடியைக் காட்டினாங்க: "நான் தோட்டத்து வேலைக்குப் பேர் பதிஞ்ச காலத்துல இந்த வேரெல்லாம் மண்ணுக்குள்ள இருந்துச்சுய்யா." இப்போது தூர் அந்தரத்தில் நிற்கிறது. வேருக்கு அடியில் என் கை முழுசாக நுழைகிறது.

ஒரு அங்குல மண்ணுக்கு ஐந்நூறு, ஆயிரம் வருசம் ஆகும் என்று பள்ளியில் படித்தோம். கூடவே இருந்து பார்த்தது யார்? மண்ணில் உள்ள கனிமத்துக்கே வயசு பார்க்கலாமாமே, எங்கள் மலையில் பார்த்திருக்கிறார்களா?

மணல்சல்லடை:
பார்த்திருக்கிறார்கள் தம்பி. உங்கள் ஊர்த் தண்ணீர் கொத்மலை ஓயா வழியாக மகாவலிக்குத்தான் போகிறது. அந்த மேல் மகாவலிப் பகுதியின் ஆற்று மணலை வைத்துத்தான் திலக் ஹேவாவசம் என்ற ஆய்வாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் 2003இல் கணக்கு வெளியிட்டார்கள்.

ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கனிமம் பிறந்த வயசைத் தேடினால் பாறையின் கதைதான் கிடைக்கும். உங்கள் மலைப்பாறை ஆழத்தில் வெந்து உருமாறியது சுமார் 55 கோடி வருசத்துக்கு முன். மண்ணுக்கு அது உதவாது. அந்தப் பரல் மேற்பரப்பை நெருங்கி எவ்வளவு காலம் கிடந்தது என்பதே நமக்கு வேண்டும்.

அதற்கு மணலில் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம்தான் சாட்சி. விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர் பட்டு அதிலுள்ள ஒக்சிசன் உடையும்போது பெரிலியம்-10 என்ற அணு உண்டாகிறது, ஒரு கிராமில் வருசத்துக்குச் சில அணுக்கள்தான். பாறைக்குள் 60 சென்ரிமீற்றர் போனாலே கதிர் மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிடும். மெதுவாக மேலே வந்த பரலில் அணு நிறைய இருக்கும், அவசரமாக அரிபட்டதில் குறைவு.

இரண்டு வருசம் எனக்கு இதுதான் வேலை. ஒரு பை மணலைச் சலித்து, காந்தம் காட்டிக் கறுப்பை எடுத்து, அமிலத்தில் திரும்பத் திரும்பக் கழுவி, கடைசியில் சீனி மாதிரி வெள்ளையாக ஒரு கைப்பிடி மிஞ்சும். மழையோடு வந்த பெரிலியமும் பரலின் தோலில் ஒட்டியிருப்பதால், தோலை உரிக்காமல் எண்ணினால் கணக்கே பிழைத்துவிடும்.

உங்கள் மலைகளில் கிடைத்த விடை: காடு மூடியிருந்தபோது நிலம் தேய்ந்தது ஆயிரம் வருசத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில்தான். மண் பிறந்த வேகமும் ஏறக்குறைய அதுவே. இந்த முறை பல ஆயிரம் வருசத்துச் சராசரியைத் தருவதால், கோப்பியும் தேயிலையும் வந்த காலம் அதில் தெரியவே தெரியாது. இன்று ஆறுகள் சுமக்கும் சேற்றை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, மண் உருவாவதைவிட 10 முதல் 100 மடங்கு வேகமாகப் போய்க்கொண்டிருந்தது.

கற்குழி:
"ஒரு அங்குலத்துக்கு இத்தனை வருசம்" என்று உலகம் முழுக்க ஒரே எண் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். நியூசிலாந்தின் தெற்கு ஆல்ப்ஸில் இதே பெரிலியம், மண் வருசத்துக்கு 2.5 மில்லிமீற்றர் வரை உருவாவதாகக் காட்டியது. கலிபோர்னியாவின் டென்னசி பள்ளத்தாக்கில் 1997இல் அளந்தபோது, மேலே மண் தடித்திருந்த இடத்தில் அடிப்பாறை மெதுவாகத்தான் மண்ணானது. இலங்கை மலைகளில் இவ்வளவு மழை, இவ்வளவு சரிவு, ஆனாலும் வேகமில்லை. அந்த மலைகளில் உள்ள ஹக்கலவில் பார்த்தால் காரணம் தெரியும்: பாறை இறுகிப்போனது, தண்ணீர் உள்ளே நுழைய இடுக்கில்லை.

கொழுந்துக்கூடை:
ரொம்ப நன்றி. இன்றைக்குக் காலையில் அப்பாயியோடு போய் இருபது செடி அளந்தேன். பழைய மண்மட்டம் எது என்று தூரில் நிறம் மாறுகிற இடத்தை அவங்கதான் விரல் வைத்துக் காட்டினாங்க. அங்கிருந்து இன்றைய மண் வரை சராசரி 15 சென்ரிமீற்றர்.

மணல்சல்லடை:
90 வருசத்தில் 15 என்றால் வருசத்துக்கு ஒன்றரை மில்லிமீற்றருக்கு மேல். மண் பாறையைவிட இலேசானது, அதைக் கழித்தாலும் மண் பிறக்கும் வேகத்தைப்போல எழுபது மடங்கு வருகிறது. ஆனால் நட்டபோது குழி மண்ணைக் குவித்திருப்பார்கள், தூரும் பருத்திருக்கும். சரிவின் மேலே இருபது, தண்ணீர் ஓடும் கானோரம் இருபது என்று பிரித்து இன்னொரு தடவை அளந்து போடுங்கள். அப்பாயி காட்டிய அந்த நிறக்கோட்டையும் படம் எடுத்துப் போடுங்கள் தம்பி.