கொல்லை முழுக்கக் கட்டட இடிபாடு: செடி எப்படி வைப்பது?

கேள்வி:
பாளையங்கோட்டையில் வீடு கட்டி எட்டு மாதம் ஆச்சு. பின்னால் 20க்கு 12 அடி இடம். ஒரு சாண் தோண்டினாலே செங்கல் துண்டும் காய்ந்த சிமெண்டுக் கட்டியும்தான். நட்ட கறிவேப்பிலையில் இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. அம்மாவுக்குக் கொல்லையில் இறங்கி மல்லிகை பறிக்கணும்னு ஆசை. எங்கே தொடங்கட்டும்?

பதில் 1:
தம்பி, அது இரும்புச்சத்துக் குறை. சிமெண்டுச் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கிடும். சத்து இருந்தும் வேர் எடுக்காது. நான் மேலே ஒரு அடி செம்மண் பரப்பி ஏமாந்தேன். செத்த செடியைப் பிடுங்கினால் வேர் சிமெண்டுக் கட்டியில் முட்டி, கொக்கி மாதிரி வளைந்திருந்தது. செடி வைக்கிற இடத்தில் மட்டும் இரண்டடி ஆழக் குழி எடுங்க. இடிபாட்டை அள்ளிட்டு செம்மண், மணல், மட்கிய மாட்டெரு சமமாய்ப் போடுங்க. மல்லிகைக்கு நல்ல வெயில் வேணும். நவம்பர் கடைசியில் கவாத்து பண்ணுங்க, அதாவது கிளைகளை வெட்டி விடுங்க.

பதில் 2:
முருங்கையைச் சுவரோரம் வைக்காதீங்க அண்ணாச்சி. காற்றுக்குக் கிளை ஒடியும், கம்பளிப்பூச்சி வீட்டுக்குள்ளே வரும். பாத்திரம் கழுவுற தண்ணீர் போற வழியில் வாழை வைங்க.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. இன்றைக்கு மல்லிகைக்கு ஒரு குழி எடுத்தேன். ஒன்பது சட்டி இடிபாடு வந்தது. கறிவேப்பிலைக்கு நாளைக்கு.