சரக்குப் பெட்டியின் தள்ளுகதவில் மழைநீர் புகாமல் தடுக்க ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். கிளிநொச்சியிலுள்ள எமது இரும்பு வேலைத்தளத்தில், நெல் மூட்டைகள் ஏற்றும் மூடிய புகையிரதச் சரக்குப் பெட்டிக்குத் தள்ளுகதவு வடிவமைத்து வருகிறோம். காலபோக (பெரும்போக) அறுவடை நேரத்திலும் எமது வன்னிப் பகுதியில் மழை முற்றாக விட்டுவிடுவதில்லை; ஓடும் பெட்டியில் காற்று அந்த மழையைக் கதவிடுக்குகளுக்குள் பக்கவாட்டாகச் செலுத்துகிறது. ஒரு மூட்டை நனைந்தாலே சுற்றியுள்ளவையும் பூஞ்சணம் பிடித்துவிடும்.

மேற்தண்டவாளத்தில் சில்லுகளால் தொங்கும் சாதாரணக் கதவு உரசாமல் ஓடுவதற்குச் சுவரோடு இடைவெளி விட்டாகவேண்டும். அதை றப்பர் பட்டியால் அடைத்தால், கதவைத் தள்ளும்போதெல்லாம் பட்டி இழுபட்டுக் கிழிகிறது. மேல்விளிம்புக்கு மழைத்தகடும், பக்கங்களுக்கு ஒன்றையொன்று கவ்வும் இசட் வடிவத் தகடுகளும் போதுமென்றே நினைக்கிறேன். பெரிய சிக்கல் கீழ்விளிம்பில்தான்: வழிகாட்டும் பள்ளத்தில் செம்மண்ணும் சிந்திய நெல்லும் இறுகி, வடிதுளைகளை அடைத்து, நீரை உள்ளே திருப்பிவிடுகின்றன.

ஆகவே, மூடும்போது கதவு முழுவதும் உள்நோக்கி அமர்ந்து றப்பரை அழுத்துவதும், திறக்கும்போது முதலில் வெளியே விலகிப் பின்னரே பக்கவாட்டில் ஓடுவதுமான முறையை ஆராய்கிறோம். நான்கு மூலைகளும் ஒரே நேரத்தில் அமர்வதற்குச் செங்குத்துத் தண்டுகளில் பொருத்திய கிராங்குகள் (தண்டு சுழலும்போது கதவை உள்ளும் வெளியும் நகர்த்தும் கைகள்) சிறந்தவையா, அல்லது முடிவில் உள்நோக்கி வளையும் தண்டவாளமே போதுமா? பாரம் ஏற்றியதும் பெட்டியின் சட்டகம் சற்று வளைவதால், றப்பருக்கு எவ்வளவு நசிவு விடவேண்டும்? இயற்கை றப்பர் வெயிலில் வெடித்துவிடுவதால் வெயிலைத் தாங்கும் செயற்கை றப்பரான ஈபிடிஎம் பட்டியையே விரும்புகிறோம். அது வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ குழாய்போல் உள்ளே வெற்றிடமுள்ள வடிவில் கிடைக்குமிடம் தெரிந்தவர்களும் தயவுசெய்து அறியத்தாருங்கள்.