‘எஞ்சின் ஸ்வாப்’ – ‘வேற்றெஞ்சின்’ என்று வைக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு காரில் அதற்கென வராத வேறு ரக எஞ்சினைப் பூட்டும் ‘எஞ்சின் ஸ்வாப்’ என்பதற்குத் தமிழில் ‘எஞ்சின் மாற்றம்’ போதும் என்று இரண்டு மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கொழும்பில் ஒரு கராஜில் போய் “எஞ்சின் மாத்த வேணும்” என்று சொன்னால், உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் அதே ரக எஞ்சின் ஒன்றை ரீகண்டிஷனில் எடுத்து வந்து, பழையது இருந்த அதே இடத்தில் பூட்டித் தருவார்கள். பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கம் மட்டும் மாறும். ஆறு சிலிண்டர் காரில் எட்டு சிலிண்டரைப் பூட்டுவதும் இதுவும் ஒன்றா?

மெர்சிடிஸ் கார்களை மேம்படுத்தித் தரும் ஜெர்மன் நிறுவனமான ஏஎம்ஜி 1986இல் செய்த ‘ஹாமர்’ காரை எடுங்கள். அடிப்படை மெர்சிடிஸ் 300ஈ, டபிள்யூ124 என்ற ரக உடல், வரிசையாக ஆறு சிலிண்டர், 3 லீட்டர். ஏஎம்ஜி அப்போது மெர்சிடிஸின் கையில் இல்லாத தனி நிறுவனம். அவர்கள் அந்த எஞ்சினைத் தூக்கிவிட்டு மெர்சிடிஸின் பெரிய காரான எஸ் கிளாஸில் வந்த 5.6 லீட்டர் வி8ஐ, அதாவது எட்டு சிலிண்டர் எஞ்சினை எடுத்து, சிலிண்டருக்கு நான்கு வால்வு வீதம் தாங்களே செய்த தலைகளை அதற்குப் பூட்டி, மொத்தம் 32 வால்வோடு அந்தச் சின்ன உடலுக்குள் வைத்தார்கள், அப்புறம் 6 லீட்டர் எஞ்சினோடும் அது வந்தது. பார்த்தால் நாலு கதவுக் குடும்பக் கார், ஓட்டினால் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தொடும். மிக அபூர்வமான கார். இந்த வேலைக்கு ‘மாற்றம்’ என்ற சொல் மிகவும் மெலிந்தது.

‘பொறிமாற்று’ என்று ஒருவர் சொன்னார். பொறி நல்ல சொல்தான், ஆனால் ஸ்பார்க் பிளக்கில் பறக்கும் தீப்பொறியும் பொறி, ஒரே வாக்கியத்தில் இரண்டும் வந்தால் படிப்பவர் தடுமாறுவார். எஞ்சின் நம் வாயில் ஊறிய சொல், அதை விரட்ட வேண்டியதில்லை.

அதனால் என் முன்மொழிவு ‘வேற்றெஞ்சின்’. வேற்றூர், வேற்றாள் போல. வினையாக வரும்போது ‘வேற்றெஞ்சின் ஏற்றுதல்’. ‘இறக்குதல்’ வேண்டாம், எஞ்சினை இறக்குவது என்றால் கராஜில் அதைக் கழற்றி வெளியே எடுப்பது.

இரண்டும் மெர்சிடிஸ் எஞ்சின்தானே, எப்படி வேற்று ஆகும் என்று கேட்கலாம். சரி, வேற்றூர்க்காரர் என்றால் வெளிநாட்டுக்காரரா? பக்கத்து ஊர்க்காரரும் வேற்றூர்தான். அந்த உடலோடு பிறக்காத எஞ்சின், அவ்வளவுதான் பொருள். 1990களின் தொடக்கத்தில் மெர்சிடிஸே போர்ஷேயோடு சேர்ந்து செய்த 500ஈயிலும் அதே டபிள்யூ124 உடலில் 5 லீட்டர் வி8 இருந்தது, ஆனால் அந்தக் காரை வடிவமைத்ததே அந்த எஞ்சினுக்காக, ஆகவே அது வேற்றெஞ்சின் அல்ல. சொல் இந்த இடத்தில் சரியாகப் பிரிக்கிறது, எனக்கு அதுதான் பெரிய திருப்தி.

சந்தி கடினமென்றால் ‘வேற்று எஞ்சின்’ என்று பிரித்தும் எழுதலாம், எனக்குச் சேர்த்து எழுதுவதே பிடிக்கிறது. ஆட்சேபம் உள்ளவர்கள், ஹாமரையும் 500ஈயையும் இதேபோல் பிரித்துக் காட்டும் வேறொரு சொல்லைக் கொண்டு வாருங்கள், பேசுவோம்.